கஞ்சா எடுத்தபின் வாய் வறட்சி: தண்ணீரா, மிட்டாயா, சூயிங்கமா, ஜெல்லா?

கஞ்சா எடுத்த கொஞ்ச நேரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேச வாயைத் திறந்தால் உதட்டோரம் வெள்ளையாக நுரை கட்டியிருக்கும், கன்னத்தின் உட்பக்கம் பல்லோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும், எச்சில் விழுங்கலாம் என்று பார்த்தால் விழுங்க வாயில் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் கை தானாக எதையாவது தேடும். சிலருக்குத் தண்ணீர் பாட்டில், சிலருக்குக் குளிர்பானம், சிலருக்குப் புளிப்பு மிட்டாய். எதை எடுக்கிறோம் என்பது பெரிய விஷயமாகத் தெரியாது, ஆனால் அடிக்கடி எடுப்பவர்களுக்கு அந்தச் சின்னத் தேர்வுதான் சில வருடங்கள் கழித்துப் பல்லில் ஓட்டையாக வந்து நிற்கிறது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

மருத்துவர் எழுதிக்கொடுத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள், சட்டம் அனுமதிக்கும் இடங்களில் தாங்களாகவே எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எடுக்கலாமா கூடாதா என்ற விவாதத்துக்கு நான் இங்கே போகவில்லை. எடுப்பவரின் பல்லும் ஈறும் கெட்டுப்போகக் கூடாது, என் அக்கறை அவ்வளவுதான்.

ஏன் வறள்கிறது என்பது தெரியாமல் தேர்வு செய்ய முடியாது

புகைதான் வாயைக் காயவைக்கிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். சூடான புகைக்கு அதில் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புகையே இல்லாமல் விழுங்கினாலும் வாய் வறள்கிறதே? கீமோதெரபியால் வரும் வாந்திக்காக 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ரோனாபினால், நாபிலோன் இரண்டும் கஞ்சாவின் போதைப் பொருளை ஒட்டிச் செயற்கையாகத் தயாரித்த மருந்துகள், விழுங்குகிற காப்ஸ்யூல்கள், இரண்டை எடுத்தவர்களிடமும் வாய் வறட்சி பதிவாகியிருக்கிறது. தின்பண்டத்தில் கலந்து சாப்பிடுபவர்களுக்கும் இதே கதைதான்.

உமிழ்நீர் சுரக்க வேண்டுமென்றால் சுரப்பிக்கு வரும் நரம்பு அதன் முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட வேண்டும். அந்த நரம்பில் சிபி1 என்று ஓர் ஏற்பி, அதாவது குறிப்பிட்ட வேதிப்பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும் இடம், இருக்கிறது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. போய் அதில் உட்கார்ந்ததும் சுரப்பிக்கு வரும் கட்டளை பலவீனமாகிவிடுகிறது, சுரப்பியும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அர்ஜென்டினா ஆய்வாளர்கள் 2006-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். 2022-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஆய்வும் இந்த சிபி1 ஏற்பியைத்தான் கைகாட்டியது. இதில் முக்கியமாகப் பேசப்படுவது தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் இருக்கும் சுரப்பி. சும்மா இருக்கும்போது வாயில் ஊறும் எச்சிலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

ஆக, உடம்பில் தண்ணீர் குறைந்ததால் வாய் வறளவில்லை. தொட்டி நிறைந்துதான் இருக்கிறது, குழாயைத்தான் யாரோ பாதி மூடிவிட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொன்றையும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

இன்னொன்று, எச்சில் வெறும் ஈரம் மட்டும் கிடையாது. நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிற அந்தத் திரவத்தில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் இருக்கிறது, பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கக் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன, கிருமிகளை அடக்கும் புரதங்கள் இருக்கின்றன, வழவழப்புக்கு மியூசின் இருக்கிறது. சாதாரணமாக, இனிப்பு சாப்பிட்டதும் வாயில் அமிலம் கூடும், அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எச்சில் அதைச் சரிசெய்துவிடும். எச்சில் இல்லாத வாயில் அந்த அமிலம் கலைய ஆளில்லாமல் பல்மேலேயே கிடக்கும். வாய் வறண்டதாக நமக்குத் தெரிவதற்குள் எச்சில் ஏற்கெனவே பாதியாகக் குறைந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதாவது, உணர்வு வரும்போது பாதுகாப்பு ஏற்கெனவே போய்விட்டது.

அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்வி கேட்பேன். இது என் சொந்த எச்சிலைக் கொண்டுவருகிறதா? இதனால் பல்லுக்குக் கேடு உண்டா? கொஞ்ச நேரம் இதமாக இருந்ததா என்பதை மூன்றாவதாகத்தான் பார்ப்பேன்.

தண்ணீர்

பல்லுக்கு எந்தக் கேடும் இல்லாதது, எங்கும் கிடைப்பது, ஒட்டிக்கொண்ட உணவுத் துகளைக் கழுவிவிடுவது. இவ்வளவு நல்லது இருந்தும் இதை முதலிடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் குழாயைத் திறக்காது. குடித்த மறுநிமிடம் இருக்கும் இதம் ஐந்து நிமிடத்தில் போய்விடும், மறுபடி குடிப்பீர்கள், மறுபடி வறளும். எச்சிலில் இருக்கும் வழவழப்பு தண்ணீரில் கிடையாது, அதனால் மடமடவென்று குடித்தால் வாயில் மிச்சம் இருக்கிற கொஞ்ச எச்சிலையும் சேர்த்து வயிற்றுக்கு அனுப்பிவிடுகிறோம். குடிக்கிற முறைதான் இங்கே முக்கியம். ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குள்ளும் நாக்குக்கு அடியிலும் சுழற்றி, கொஞ்சம் நிறுத்தி, பிறகு விழுங்குங்கள். சின்ன ஐஸ்கட்டியை வாயில் போட்டுக் கரையவிடுவது இன்னும் நல்லது, ஈரம் நெடுநேரம் நிற்கும், ஆனால் கடிக்காதீர்கள்.

வறட்சி போகவில்லையே என்று லிட்டர் கணக்கில் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். குறைந்த நேரத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் போனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் வாந்தியும் வரும், தீவிரமானால் உயிருக்கே ஆபத்து. போதையில் இருப்பவருக்கு அந்த அறிகுறிகளைப் பிரித்தறியவும் முடியாது.

ஆக, தண்ணீர் துணைக்கு இருக்கட்டும், தனியாளாக வேண்டாம்.

புளிப்பு மிட்டாய், குளிர்பானம், எலுமிச்சை

இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன். ஏனென்றால் எச்சிலைக் கொண்டுவருகிறதா என்ற முதல் கேள்வியில் இவை நன்றாகவே தேறிவிடுகின்றன, ஆபத்தும் அங்கேதான். புளிப்பைவிட வேகமாக எச்சிலை ஊறவைப்பது வேறெதுவும் இல்லை. ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் போட்டால் தாடையோரம் சுருக்கென்று இழுத்து எச்சில் வரும், ஆஹா என்று இருக்கும்.

இரண்டாவது கேள்வியில் மொத்தமாகத் தோற்றுப்போகின்றன. அமிலத்தை அளக்கும் எண் பி.எச்., அது குறையக் குறைய அமிலம் அதிகம். பல்லின் எனாமல் கரைய ஆரம்பிக்கும் அளவு பி.எச். 5.5. ஈறு விலகி வேர் வெளியே தெரிகிறவர்களுக்கு அதற்கும் முன்னாலேயே, 6-ஐத் தாண்டிய நிலையிலேயே வேர்ப்பகுதி கரையத் தொடங்கிவிடும். கோலா பானத்தின் பி.எச். ஏறக்குறைய 2.5, எலுமிச்சைச் சாறும் அதே வட்டாரம்தான். சர்க்கரை இல்லாத டயட் கோலாவிலும் அமிலம் இருக்கிறது, அதனால் டயட் என்று எழுதியிருப்பதை வைத்து ஏமாற வேண்டாம். சர்க்கரை சேர்ந்த மிட்டாய் என்றால் இரட்டை அடி: மிட்டாயின் அமிலம் ஒரு பக்கம், சர்க்கரையைத் தின்று வாய்க் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் இன்னொரு பக்கம், இரண்டையும் முறிக்க வேண்டிய எச்சிலோ லீவில் இருக்கிறது.

இதோடு கஞ்சாவுக்கே உரிய பசியைச் சேர்த்துப் பாருங்கள். டி.எச்.சி. பசியைக் கிளப்பும், அதுவும் இனிப்பு, மாவு, மொறுமொறுப்பு என்று தேடவைக்கும். வறண்ட வாயில் பிஸ்கட்டோ சிப்ஸோ போனால் விழுங்கவே முடியாமல் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் மாவாக அப்பிக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கும். நாக்கால் துழாவிப் பாருங்கள், அந்த மாவு கைக்குத் தட்டுப்படுவதுபோல நாக்குக்குத் தட்டுப்படும். அதைக் கழுவ எச்சில் வரவில்லை, அப்படியே தூங்கிப்போய்விடுவோம். கஞ்சா எடுப்பவர்களின் பல் கெடுவதில் வறட்சிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தப் பழக்கத்துக்கும் உண்டு என்பது என் கருத்து. பசித்தால் சீஸ், வேகவைத்த முட்டை, தயிர், ஈரமான காய்கறி என்று முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போதை ஏறிய பிறகு நல்ல முடிவு எடுக்கலாம் என்று நம்பக் கூடாது, முடிவை முன்னாலேயே எடுத்துவிட வேண்டும்.

சர்க்கரை இல்லாத சூயிங்கம்

பகல் நேரத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். அதற்குக் காரணம் மெல்லுதல். தாடை அசையும்போதும் சுவை தெரியும்போதும் எச்சில் சுரப்பிகளுக்குத் தனியாகக் கட்டளை போகிறது, அதுவும் காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய சுரப்பி அப்போதுதான் முழுவேகத்தில் வேலை செய்யும். சாதாரண நிலையில் மெல்லத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் எச்சில் பல மடங்கு கூடும், சுவை கரைந்து வெறும் பசையாக ஆன பிறகும் இரண்டு மூன்று மடங்கு வந்துகொண்டிருக்கும். கஞ்சா எடுத்திருக்கும்போது அந்த அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம், ஆனாலும் சுரப்பி கெட்டுப்போகவில்லை, தூண்டினால் கொடுக்கும். இப்படி வரும் எச்சிலுக்கு இன்னொரு சிறப்பும் இருக்கிறது: வேகமாகச் சுரக்கும் எச்சிலில் பைகார்பனேட் அதிகம், அதனால் அமிலத்தை முறிக்கும் சக்தியும் அதிகம்.

எந்தச் சூயிங்கம்? உறையைத் திருப்பிப் பாருங்கள், முதல் பெயராக, சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பான சைலிட்டால் இருப்பது நல்லது. வாய்க் கிருமிகளால் சைலிட்டாலை அமிலமாக மாற்ற முடியாது. அதே வகையைச் சேர்ந்த சார்பிட்டால் முதலில் இருந்தாலும் பரவாயில்லை, சர்க்கரையைவிட எவ்வளவோ மேல். ஆனால் பழச்சுவை என்று போட்டு உள்ளே சிட்ரிக் அமிலம் சேர்த்திருப்பார்கள், சர்க்கரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை வாங்க வேண்டாம். புதினாச் சுவை பாதுகாப்பானது. சிலருக்கு வறண்ட வாயில் காட்டமான புதினா எரியும், அவர்கள் மிதமானதைப் பார்க்கலாம்.

குறையும் இருக்கிறது. தாடை மூட்டு வலி உள்ளவர்களுக்கும் பல்செட் போட்டவர்களுக்கும் இது ஒத்துவராது. ஒரு நாளில் நிறைய மென்றால் வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். தூங்கப்போகும் நேரத்தில் கண்டிப்பாகக் கூடாது, வாயில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டால் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். மெல்ல முடியாதவர்கள் சைலிட்டால் மாத்திரையைச் சப்பலாம். ஈறில் ஒட்டவைத்து மெதுவாகக் கரையவிடும் வில்லைகளும் வந்திருக்கின்றன. மெல்லும் வேலை இல்லாததால் எச்சில் அவ்வளவு வராது, ஆனால் நெடுநேரம் நிற்கும்.

வீட்டில் நாய் இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். சைலிட்டால் நாய்க்கு விஷம். கொஞ்சம் உள்ளே போனாலும் இரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும், கல்லீரல் பாதிக்கும். கஞ்சாவும் நாய்க்கு ஆகாது. இரண்டையும் ஒரே பையில் போட்டுத் தரையில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள், தயவுசெய்து.

செயற்கை எச்சில்: ஜெல்லும் தெளிப்பானும்

சூயிங்கம் எச்சிலை வரவழைக்கிறது, இவை எச்சிலின் இடத்தில் நிற்கின்றன. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், கிளிசரின் மாதிரியான பொருட்களால் வாயின் உள்தோலில் ஒரு வழவழப்புப் படலம் போடும், அவ்வளவுதான். தெளிப்பான் சட்டைப்பையில் அடங்கும், பேசிக்கொண்டிருக்கும்போதே அடித்துக்கொள்ளலாம், ஆனால் இதம் சில நிமிடம்தான். ஜெல் கெட்டியாக இருப்பதால் அதைவிட நீடிக்கும். பட்டாணி அளவு எடுத்து விரல்நுனியில் வைத்து, நாக்கின் மேலும் கன்னத்தின் உட்பக்கமும் ஈறுகளிலும் தேய்த்துவிட வேண்டும். முதல் முறை தேய்க்கும்போது ஒருமாதிரி பசைபிடித்த உணர்வு இருக்கும், ஒன்றிரண்டு வாய் தண்ணீர் குடித்து வாயை நனைத்துவிட்டுத் தேய்த்தால் அது தெரியாது.

பகலில் இதற்கு நான் இரண்டாம் இடம்தான் கொடுப்பேன். இரவில் கதையே வேறு. தூக்கத்தில் இயல்பாகவே எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும், மெல்லவும் முடியாது, சப்பவும் முடியாது. அந்த ஆறேழு மணி நேரத்துக்கு ஜெல்லைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இந்த வகைப் பொருட்களிலும் சில புளிப்பாகத் தயாரிக்கப்பட்டவை உண்டு, சொந்தப் பல் இருப்பவர்களுக்கு அவை ஆகாது. அமிலமற்றது, முடிந்தால் ஃப்ளூரைடு சேர்ந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

மவுத்வாஷும் மாத்திரையும்

மவுத்வாஷ் என்றால் ஆல்கஹால் இல்லாததாக இருக்க வேண்டும், ஆல்கஹால் வறட்சியைக் கூட்டும். வீட்டிலேயே செய்வதென்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கொப்பளித்துத் துப்பலாம். எச்சில் செய்ய வேண்டிய அமில முறிப்பு வேலையை அது கொஞ்சம் செய்துவிடும். நொறுக்குத் தீனிக்குப் பிறகு இதைச் செய்வது தண்ணீரில் கொப்பளிப்பதைவிட ஒரு படி மேல்.

பைலோகார்பின், செவிமெலின் என்று எச்சிலைச் சுரக்கவைக்கும் மாத்திரைகள் உண்டு. கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய் உள்ளவர்களுக்கும் உரியவை அவை. வியர்த்துக் கொட்டும், அடிக்கடி சிறுநீர் வரும், கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாவும் குறுகிய கோண கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயும் உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. கஞ்சா வறட்சி சில மணி நேரத்தில் தானாகப் போய்விடுவது, அதற்கு இந்த மாத்திரையைத் தேடிப் போகத் தேவையில்லை.

எடுக்கும் முறையையே மாற்றினால்?

மேலே சொன்ன எல்லாமே வறண்ட பிறகு சமாளிப்பது. குழாயை மூடுவது டி.எச்.சி. என்றால், டி.எச்.சி.யைக் குறைப்பதுதான் எல்லாவற்றையும்விட வலுவான வழி. அளவைக் குறைப்பது, வீரியம் குறைந்ததை எடுப்பது, இடைவெளி விடுவது. இது எல்லோருக்கும் பிடிக்காத பதில் என்று தெரியும், ஆனால் ஒப்பீடு என்று எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் அது நேர்மையாக இருக்காது. மருத்துவர் சொல்லி எடுப்பவர்கள் தாங்களாகக் குறைக்காமல் அவரிடம் வறட்சியைச் சொல்லி, அளவையோ நேரத்தையோ மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும்.

முறைகளுக்குள் என்ன வித்தியாசம்? புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் இறங்கும். வறட்சியும் அதோடு வந்து அதோடு போகும், ஆனால் புகையின் சூடும் எரிச்சலும் உபரியாக வரும், புகையிலை கலந்தால் ஈறு நோய் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டும். வேப் (கருவியில் சூடாக்கி ஆவியாக இழுப்பது) எடுத்தால் புகை இல்லைதான், ஆனால் திரவ வகைகளில் இருக்கும் புரொபிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவை ஈரத்தை இழுத்துக்கொள்பவை, அதனால் வாயும் தொண்டையும் காயும். சாப்பிட்டால் தொண்டைக்கு எரிச்சல் இல்லை, ஆனால் ஏறவே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் பிடிக்கும், ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்வரை இழுக்கும். தூங்கும் முன் சாப்பிடுபவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். எச்சில் இயல்பாகவே நிற்கிற நேரமும் மருந்து எச்சிலை நிறுத்துகிற நேரமும் ஒன்றாக விழுகின்றன, சாப்பிட்டது ஜெல்லி மிட்டாய் மாதிரியான இனிப்பாக இருந்தால் சர்க்கரையும் அதில் சேர்ந்துவிடுகிறது. பல்லைப் பொறுத்தவரை இதைவிட மோசமான சேர்க்கையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாலையிலேயே எடுத்துவிட்டு, எடுத்தபின் பல் துலக்குவது குறைந்தபட்சம் செய்ய வேண்டியது. ஏறவில்லையே என்று அவசரப்பட்டு இன்னொன்று சாப்பிட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கஞ்சாவில் இருக்கும், போதை தராத இன்னொரு பொருளான சி.பி.டி. கலந்ததை எடுத்தால் வறளாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதற்கு ஒரு அடிப்படை உண்டு: நான் முன்பு சொன்ன 2022 ஆய்வில், சி.பி.டி. சேர்த்துக் கொடுத்த சுண்டெலிகளில் டி.எச்.சி.யின் வறட்சி விளைவு தடுக்கப்பட்டது. ஆனால் அது சுண்டெலி. மனிதர்களுக்குத் தரப்படும் சேட்டிவெக்ஸ் என்ற வாய்த் தெளிப்பு மருந்தில் டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஏறக்குறைய சம அளவில்தான் இருக்கின்றன, அதன் பக்கவிளைவுகளிலும் வாய் வறட்சி இருக்கிறது. அதனால் இதை நம்பி மட்டும் தேர்வு செய்யாதீர்கள். அந்தத் தெளிப்பு மருந்தில் ஆல்கஹாலும் இருப்பதால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால் அங்கே புண்ணாகும், இடத்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும்.

சரி, யாருக்கு எது?

எப்போதாவது எடுப்பவருக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. தண்ணீரும் சைலிட்டால் சூயிங்கமும் பக்கத்தில் இருந்தால் போதும், மிட்டாயையும் குளிர்பானத்தையும் தொடாமல் இருந்தால் அதுவே பாதி வெற்றி.

தினமும் எடுப்பவர், அல்லது நோய்க்காக நெடுநாள் எடுக்க வேண்டியவர் என்றால் பகலில் சூயிங்கம், இரவில் ஜெல், அதற்கும் மேல் ஃப்ளூரைடு. ஃப்ளூரைடு வறட்சியைப் போக்காது, ஆனால் வறட்சி செய்யும் சேதத்தைத் தடுப்பதில் அதற்கு இணை இல்லை. பற்பசையில் 1000-லிருந்து 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை ஃப்ளூரைடு இருக்கிறதா என்று குழாயின் பின்பக்கத்தில் பாருங்கள். துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டுத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விடுங்கள், பசை பல்மேல் இருந்தால்தான் பலன். ஏற்கெனவே சொத்தை விழ ஆரம்பித்துவிட்டவர்களுக்குப் பல் மருத்துவர் 5000 பி.பி.எம். பற்பசை எழுதித் தரலாம், நீங்களாகவே கேட்டால் தப்பில்லை.

பல்செட் போட்டிருப்பவருக்கு வறட்சி இன்னும் கொடுமை, ஏனென்றால் செட்டைப் பிடித்து நிறுத்துவதே எச்சில் படலம்தான். ஜெல்லை ஈறில் தடவிவிட்டுச் செட்டைப் போடலாம், இரவில் கழற்றிவிட வேண்டும். துடைத்தால் உரிந்து வந்து அடியில் சிவந்து தெரிகிற வெள்ளைத் திட்டு இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது.

மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், டைஃபென்ஹைட்ரமின் வகை அலர்ஜி மாத்திரை, சிறுநீர்ப்பைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் எடுப்பவர்களுக்கு ஏற்கெனவே அதே அசிட்டைல்கோலின் பாதையில் இன்னொரு தடை இருக்கிறது. கஞ்சா அதன்மேல் ஏறி உட்காரும். இவர்கள் எந்தச் சூயிங்கம் என்று யோசிப்பதற்கு முன்னால் மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டி, ஏதாவது ஒன்றை மாற்ற முடியுமா என்று கேட்பதுதான் சரியான வரிசை. மதுவையும் கஞ்சாவையும் ஒன்றாக எடுப்பவர்களுக்கு வறட்சி கூடுவது மட்டும் அல்ல, மயக்கமும் தள்ளாட்டமும் கூடும், அதைப் பிரித்துவிடுங்கள்.

வாந்தி வருகிற அளவுக்குப் போனால் உடனே பல் துலக்காதீர்கள், வயிற்று அமிலத்தில் இளகிய எனாமலை பிரஷ் அரித்துவிடும். சமையல் சோடா தண்ணீரில் கொப்பளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் துலக்குங்கள். நெடுநாள் எடுப்பவருக்கு வாந்தி திரும்பத் திரும்ப வந்து, வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்குகிறது என்றால் அது கஞ்சாவாலேயே வரும் வாந்தி நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

வறட்சி கஞ்சாவோடு வந்து கஞ்சாவோடு போக வேண்டும். எடுக்காத நாட்களிலும் வாய் வறண்டே இருக்கிறது, கூடவே அடிக்கடி சிறுநீர் போகிறது என்றால் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். கண்ணும் சேர்ந்து வறண்டு, மணல் உறுத்துவதுபோல இருந்தால் ஷோகிரன் நோயா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் கஞ்சாவால்தான் என்று நினைத்துக்கொண்டு இவற்றைத் தவறவிடுகிறவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள்.

அப்புறம், பல் மருத்துவரிடம் போகும்போது மறைக்காதீர்கள். அவர் கன்னத்தின் உட்பக்கம் சின்னக் கண்ணாடியை வைத்து இழுக்கும்போது அது ஒட்டிக்கொண்டால் எச்சில் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும், காரணம்தான் தெரியாது. காரணம் தெரிந்தால் ஃப்ளூரைடு பூச்சு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்று திட்டம் போடுவார். மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், கஞ்சாவால் ஏற்கெனவே வேகமாக அடிக்கும் இதயத்தை அது இன்னும் வேகமாக்கலாம். கஞ்சா எடுத்துவிட்டுப் பல் சிகிச்சைக்கு வர வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2022-இல் கேட்டுக்கொண்டது. நோய்க்காக எடுப்பவர் என்றால் கடைசியாக எப்போது எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள் என்பதை நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ஊசியை மாற்றுவதா, நாளை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.